கேட்பதற்குப் படிக்கப் போனேன்

எங்கள் பாடசாலையில் என்னை ஆலோசனை ஆசிரியையாக நியமித்ததற்கு ஒரேயொரு காரணம்தான் இருந்தது. அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

ஆசிரியர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பாடசாலையிலும் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும், அதற்கென்று ஓர் அறையும் இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. முன்பு அந்தப் பொறுப்பில் இருந்தவர் விடுமுறை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போயிருந்தார். விடுமுறை முடிந்துவிட்டது, அவர் வரவில்லை. அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கணித ஆசிரியர்கள் உடனே கொப்பி திருத்தத் தொடங்கினார்கள். விஞ்ஞான ஆசிரியை கைப்பைக்குள் தலையை விட்டு எதையோ தேடினார். நான் புவியியல் படிப்பிக்கிறவள். புவியியல் ஆசிரியைக்கு எப்போதும் நேரம் இருக்கும் என்பது எங்கள் பாடசாலையின் அசைக்க முடியாத நம்பிக்கை.

"ரீச்சர், நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று அதிபர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கு ஏலாது சேர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

"பாத்தியளோ," என்றார் அவர் மற்றவர்களிடம். "என்ன அமைதி! எவ்வளவு மெதுவாக் கதைக்கிறா! உதுதான் வேணும். பிள்ளையளோட உப்பிடித்தான் கதைக்கவேணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். பொறுப்பு தங்களுக்கு வராமல் போன சந்தோசத்தில் தட்டியதால் சத்தம் கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

ஆலோசனை அறை என்று எனக்குக் கிடைத்தது விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறை. வலைப்பந்துக் கம்பங்கள், மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்பு மூட்டைகள், வாத்தியக் குழுவின் கிழிந்த மேளம் ஆகியவற்றுக்கு நடுவில் ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போட்டார்கள். கதவில் 'ஆலோசனை அறை' என்று நீல எழுத்தில் எழுதி, அதன் கீழே சிவப்பில் 'அனுமதியின்றி உட்செல்லக் கூடாது' என்றும் எழுதினார்கள். பெயின்ரருக்கு எல்லாக் கதவுகளிலும் அப்படி எழுதித்தான் பழக்கமாம்.

எனக்குப் பயிற்சியும் தந்தார்கள். இரண்டு நாள். முதல் நாள் மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, மத்தியானச் சாப்பாடு. இரண்டாம் நாள் சான்றிதழ் வழங்கல், நன்றியுரை. நடுவில் ஒருவர் வந்து, பிள்ளைகளோடு அன்பாகப் பேசுங்கள் என்று எங்களை அதட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகு பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். வந்தார்கள் என்று சொல்வது பிழை. ஒழுக்காற்று ஆசிரியர் அனுப்பினார். அவருடைய கணக்கில் தண்டனைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வெயிலில் நிற்பது, அதற்கு மேல் தாய் தகப்பனைக் கூட்டி வருவது. இப்போது இரண்டுக்கும் நடுவில் ஆலோசனை என்று ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. தலைமயிர் வளர்த்தவன், போன் கொண்டுவந்தவள், மதில் பாய்ந்தவன் எல்லோரும் என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இருங்கோ என்றால் பயந்தார்கள். ஒருநாள் ஒரு தாய் அழுதுகொண்டு வந்தார். "என்ரை பிள்ளைக்கு விசர் இல்லை ரீச்சர். மாடு அவிட்டு விட்டவன், அவ்வளவுதான். தயவு செய்து பேரை வெட்டி விடுங்கோ" என்றார். பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டை அவிழ்த்துவிட்டதற்கு ஏன் ஆலோசனை என்று எனக்கும் விளங்கவில்லை.

தானாக வந்த முதல் பிள்ளை உயர்தர உயிரியல் பிரிவில் படித்த ஒருத்தி. இடைவேளை நேரம் கதவில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, "அனுமதி இருக்கோ ரீச்சர்?" என்று கேட்டாள். கேலியாகவா உண்மையாகவா கேட்டாள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். சுண்ணாம்பு மூட்டையைப் பார்த்தாள், மேளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ரீச்சர், நீங்கள் இதுக்குப் படிச்சனீங்களோ?"

"ரெண்டு நாள் பயிற்சி தந்தவை" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். ஊரில் நல்ல டொக்டர் இல்லாதபோது இருக்கிற டொக்டரிடம் காட்டலாமா என்று யோசிக்கும் முகம்.

"பறவாயில்லை," என்றாள். "நீங்கள் ஒண்டும் சொல்லாட்டில் காணும். கேட்டுக்கொண்டிருங்கோ."

இதை எழுதலாமா என்று பிறகு அவளிடம் கேட்டேன். "அப்பாவின்ரை நாட்டை மட்டும் எழுதாதேங்கோ" என்றாள். எழுதவில்லை. குளிர் உள்ள நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் படிக்கிற மேசையில போனை நிமித்தி வைக்கவேணும் ரீச்சர். அப்பா வீடியோ கோல் எடுத்து விட்டிடுவார். கதைக்கிறேல்லை. பாத்துக்கொண்டிருப்பார்."

"எவ்வளவு நேரம்?"

"நான் படிச்சு எழும்புமட்டும். தன்ரை பக்கக் கமராவை நிப்பாட்டிப்போடுவார். அப்ப அவருக்கு என்னைத் தெரியும், எனக்கு அவரைத் தெரியாது. கறுப்பாத்தான் இருக்கும். தலையைச் சொறிஞ்சாலும் 'என்ன பிள்ளை, நித்திரையோ?' எண்டு அதுக்குள்ளால சத்தம் வரும்."

"அவருக்கு வேலை இல்லையோ?"

"அவர் பெரிய ரெஸ்ரோரன்ற் ஒண்டில மனேச்சர். போனைப் பக்கத்தில வச்சுக்கொண்டு வேலை செய்வார். அம்மா எனக்கு ரீ கொண்டுவந்தாலும் குனிஞ்சுதான் மேசையில வைப்பா. கமராவை மறைக்கக்கூடாதெல்லோ."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"இப்ப புத்தகத்தைத் திறந்தால் ஒரு சொல்லும் உள்ளுக்குப் போகுதில்லை ரீச்சர். படிக்கிற மாதிரி இருக்கத்தான் நல்லாப் பழகியிருக்கிறன். படிக்க மறந்துபோச்சு."

எனக்கு வாய்வரைக்கும் வந்த ஆலோசனைகள் எல்லாம், நேர அட்டவணை போடு, அதிகாலையில் எழும்பு, அப்பா உன் நன்மைக்காகத்தான் செய்கிறார் என்ற வகை. அவள் போட்ட நிபந்தனை நல்லதாகப் போயிற்று. மணி அடித்ததும் எழும்பி, "நாளைக்கும் வரட்டோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் இருந்தேன். ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குக்கூட ஒரு படிப்பு வேண்டும் என்று அன்று தோன்றியது.

அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பது பேப்பரில்தான் தெரியவந்தது. தெற்கில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனம், யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, பாடசாலை ஆலோசனையில் பட்டப்பின் படிப்பு நடத்தப் போகிறது. சனி, ஞாயிறு வகுப்பு. ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாம்.

கணவரிடம் காட்டினேன். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறவர், எதையும் இரண்டு தரம் வாசிப்பார். வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"கனடாவுக்கோ?"

"என்ன கனடா?"

"உதைப் படிச்சால் அங்கை எடுப்பினமோ எண்டு கேக்கிறன்."

"இஞ்சை இருக்கிற பிள்ளையளுக்குப் படிக்கிறனப்பா."

"ஓம் ஓம்," என்றார். எனக்கு எதையோ மறைக்கத் தெரியவில்லை என்பது போல ஒரு சிரிப்பு. "ஆரிட்டையும் சொல்ல வேண்டாம். அலுவல் முடியட்டும்."

ஆசிரியர் அறையிலும் அப்படித்தான். விண்ணப்பம் போடப்போகிறேன் என்று சொன்ன அன்றே, நான் வீட்டை விற்கப்போவதாக ஒரு கதை கிளம்பியது. எங்கள் பக்கத்தில் முப்பத்தைந்து வயதுக்கு மேல் யாராவது புத்தகத்தைத் திறந்தால் அது விமான நிலையத்துக்குப் போகும் வழி என்றுதான் சனம் நினைக்கும். நீர்வேலிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வாழைக்குலை ஏற்றிக்கொண்டு வந்த ஒருவர், நான் படிப்பித்த பிள்ளையின் தகப்பன், சைக்கிளை நிறுத்தி, "ரீச்சர், எப்ப பயணம்?" என்று கேட்டார். எனக்குப் பயணம் இல்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்தது அனுதாபம். விசா கிடைக்கவில்லை என்று விளங்கிக்கொண்டிருப்பார்.

விண்ணப்பத்தோடு, ஏன் இந்தப் படிப்பை விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் இங்கிலிசில். எங்கள் கொம்பியூட்டர் ஆசிரியர் இளம் பெடியன். "ஏன் ரீச்சர் கஷ்டப்படுறியள்? போனே எழுதித் தரும்" என்று சொல்லி, இரண்டு விரலால் எதையோ தட்டினார். தேநீர் ஆறுவதற்குள் ஒரு பக்கம் வந்துவிட்டது. சிறு வயதிலிருந்தே இளம் உள்ளங்களின் காயங்களை ஆற்ற வேண்டும் என்ற தணியாத தாகம் எனக்குள் எரிந்துகொண்டிருந்ததாம். தாகம் எப்படி எரியும் என்று கேட்டேன். "இங்கிலிசில எரியும் ரீச்சர்" என்றார்.

சிறு வயதில் எனக்கு இருந்த தாகம், பாடசாலை விட்டு வரும் வழியில் ஐஸ்பழம் வாங்குவது. அதை எழுத முடியாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே எழுதினேன். தொண்டை கட்டியதால் இந்த வேலை எனக்குக் கிடைத்தது, ஒரு மாணவி என்னிடம் இதற்குப் படித்தீர்களா என்று கேட்டாள், இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது, இனிமேல் ஓம் என்று சொல்ல விரும்புகிறேன். இவ்வளவுதான். பக்கத்தில் பாதிகூட நிரம்பவில்லை.

அடுத்தது அதிபரின் சிபாரிசுக் கடிதம். அங்கேதான் சிக்கியது.

"நீங்களே எழுதிக்கொண்டு வாங்கோ ரீச்சர், நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார் அதிபர். சரியென்று அடக்கமாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன். அவர் அதைக் கையில் வாங்கி, வாசிக்காமல், மேசையில் தாள் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டுக்குக் கீழே வைத்தார்.

"அந்த உயிரியல் பிள்ளை உங்களிட்டை அடிக்கடி வருதாம். என்ன விசயம்?"

"படிப்புச் சம்பந்தமா சேர்."

"காதல் கீதலோ?"

"இல்லை சேர்."

"பின்னை? தகப்பன் எனக்குக் கோல் எடுத்துக் கேக்கிறார். பிள்ளை முந்தி மாதிரி இல்லையாம். மேசையில இருந்து சும்மா யோசிக்குதாம். அவர் எங்களுக்கு எவ்வளவு செய்த மனுசன் எண்டு தெரியுந்தானே?"

தெரியும். தொடுதிரைப் பலகை ஒன்றை வெளிநாட்டிலிருந்து அனுப்பியவர். பழைய மாணவர் சங்கக் கூட்டம் வைத்து, நாடா வெட்டி, பெயர் எழுதித் திறந்துவைத்த பலகை. தூசி படக்கூடாது என்று அன்றிலிருந்து அதைப் பழைய சேலையால் மூடி வைத்திருக்கிறோம். யாரும் இன்னும் அதில் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

"பிள்ளை என்ன சொன்னது எண்டு எனக்குச் சொன்னால் நான் அவருக்குச் சொல்லலாம்" என்றார் அதிபர்.

"சேர், அதைச் சொன்னால் நான் இந்தப் படிப்புக்கே தகுதியில்லை எண்டு ஆகிடும்."

"அதிபருக்குத் தெரியாமல் இந்த மதிலுக்குள்ள ஒரு விசயமும் இருக்கக்கூடாது ரீச்சர்."

"பரீட்சைப் பயம் சேர். வேற ஒண்டுமில்லை."

அவர் நம்பவில்லை. கடிதம் கண்ணாடிக் குண்டுக்குக் கீழேயே கிடந்தது. நான் கையெழுத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டார், நான் பரீட்சைப் பயம் என்றேன். விண்ணப்ப முடிவு திகதி நெருங்கிக்கொண்டிருந்தது. கோபத்தில் ஒருநாள் ஆசிரியர் அறையில் வாய்விட்டுத் திட்டினேன். கொம்பியூட்டர் ஆசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடிதத்தில சேரைப் பற்றி என்ன எழுதினியள்?"

"என்னைப் பற்றித்தானே எழுதவேணும்?"

அவர் என்னை, பயிற்சி இல்லாத ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அன்று பின்னேரமே புதிதாக எழுதினேன். எமது மாண்புமிகு அதிபரின் தொலைநோக்கினாலும் தளராத வழிகாட்டலினாலும் இப்பாடசாலையின் ஆலோசனைச் சேவை இப்பிராந்தியத்துக்கே முன்மாதிரியாகத் திகழ்கிறது. அன்னாரின் கீழ் இவ்வாசிரியையும் பணியாற்றி வருகின்றார். அதிபர் இரண்டு தரம் வாசித்தார். 'தளராத' என்பதை வெட்டி 'தன்னலமற்ற' என்று போட்டார். 'அன்னார்' என்பது எங்கள் ஊரில் மரண அறிவித்தலில் மட்டும் வரும் சொல் என்பதை அவர் கவனிக்கவில்லை. கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, "நல்ல வடிவாத்தான் எழுதியிருக்கிறியள்" என்றார். அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்க மறந்துபோனார். மனிதருக்குத் தன்னைப் பற்றிய ஆவல் மற்றவர்களைப் பற்றிய ஆவலைவிட எப்போதும் ஒரு படி மேலே நிற்கும் என்பதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அதிபரின் அறையில் படித்தேன்.

இதற்கிடையில் அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் அவளும் ஒன்றும் சொல்லாமல் மேளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். ஒருநாள் மட்டும் நான் ஒரு கேள்வி கேட்டேன். "நீர் அப்பாவைக் கண்டு எவ்வளவு காலம்?" கமராவிலா நேரிலா என்று அவள் கேட்டாள். எப்படியென்றாலும் என்றேன். அவள் மேளத்தின் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை பாடசாலை தொடங்கும் முன்பே வந்து கதவடியில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"சனிக்கிழமை அப்பாவுக்குச் சொன்னனான் ரீச்சர். நீங்களும் உங்கடை கமராவைப் போடுங்கோ, நானும் உங்களைப் பாத்துக்கொண்டு படிக்கப்போறன் எண்டு. முதல் ஏசினார். நான் போனைக் கவுட்டு வச்சிட்டன். திருப்பித் திருப்பி எடுத்தார். கடைசியாப் போட்டார்."

"பேந்து?"

"அவர் மனேச்சர் இல்லை ரீச்சர்." அவள் கதவில் இருந்த சிவப்பு எழுத்தை நகத்தால் சுரண்டினாள். "பின்பக்கத்தில கோப்பை கழுவுறார். ஒரு சின்ன அறை. யன்னலும் இல்லை. போனை எங்கையோ தட்டில சாத்தி வச்சிருக்கிறார் போல. ஒருத்தரும் அவரோட கதைக்கேல்லை. நான் படிக்கேல்லை, அவரைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். அப்பா நிண்டுகொண்டுதான் சாப்பிடுறார் ரீச்சர். நாலு வாய்தான். திரும்பியும் கழுவுறார்."

நான் கதவைத் திறந்து கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"எனக்கு இப்ப விளங்குது," என்றாள். "அங்கை அவருக்குப் பாக்க வேற ஒண்டும் இல்லை."

அன்றிலிருந்து கமரா இரண்டு பக்கமும் போடுவதென்று ஒப்பந்தமாம். அவர் சாப்பிடும் நேரம் மட்டும். அந்த நேரம் அவளும் சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைத்துக்கொண்டு இருப்பாள். மிச்ச நேரம் போன் அலுமாரிக்குள். படிப்பு உடனே திரும்பி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. வந்ததும் உயிரியலில் அல்ல, இரசாயனவியலில் வந்தது என்று பிறகு சொன்னாள். தகப்பன் அதிபருக்குக் கோல் எடுத்து, பிள்ளை இப்போது சந்தோசமாகச் சாப்பிடுகிறாள், உங்கள் பாடசாலைக்கு நன்றி என்று சொன்னாராம். அதிபர் அதைத் தன் தன்னலமற்ற வழிகாட்டலுக்குக் கிடைத்த பாராட்டு என்று ஏற்றுக்கொண்டார். வேறு யார் ஏற்றுக்கொள்வது?

நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. நிறுவனம் எடுத்திருந்த மாடிக்குக் கீழே மணவறை வாடகைக்கு விடும் கடை. படியேறும் வழியெல்லாம் பொன்னிறத் தூண்களும் நுரைப்பஞ்சு யானைகளும். மேலே நீள மரவாங்கில் வரிசையாக ஆசிரியர்கள். எல்லாப் பெண்களும் விறைப்பான சேலை, எல்லா ஆண்களும் வியர்வையில் நனைந்த கழுத்துப்பட்டி. எனக்குப் பக்கத்தில் இருந்த ஆசிரியை தான் எழுதிய பக்கத்தை வாய்க்குள் பாடமாக்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். சிறு வயதிலிருந்தே தணியாத தாகம். அவருக்கு அடுத்து இருந்தவரின் கையிலும் அதே தாகம். அந்த வாங்கில் தாகம் இல்லாமல் இருந்தது நான் ஒருத்திதான் போலத் தோன்றிப் பயம் பிடித்தது.

உள்ளே மூன்று பேர். நடுவில் ஒரு பேராசிரியர், ஓய்வுபெற்றவர். அவருக்கு வலப்பக்கம் ஓர் அதிகாரி. இடப்பக்கம், மெல்லிய பருத்திச் சேலையில் ஒரு விரிவுரையாளர் அம்மா. அவர்தான் என் பாதிப் பக்கத்தைக் கையில் வைத்திருந்தார்.

அதிகாரி தொடங்கினார். "கலியாணம் முடிச்சிட்டியளோ?"

"ஓம்."

"பிள்ளையள்?"

"ரெண்டு."

"சனி ஞாயிறு முழுக்க வகுப்பு. அப்ப வீட்டில சமையல்?"

எனக்கு முன்னால் உள்ளே போய்வந்த ஆசிரியரிடம் சமையலைப் பற்றிக் கேட்டார்களா என்று திரும்பிப் போய் விசாரிக்க ஆசையாக இருந்தது. "அவர் சமைப்பார்" என்றேன். கணவருக்கு முட்டை பொரிக்கத் தெரியும். அதற்கு மேல் நான் விபரிக்கவில்லை.

பேராசிரியர் கையை உயர்த்தினார். "உதுகளை விடுங்கோ. செய்முறையாப் பாப்பம். நான் மாணவன். படிப்பில மனமில்லை. நீங்கள் ஆலோசகர். தொடங்குங்கோ."

"இருங்கோ தம்பி" என்றேன். அதிகாரி முகம் சுளித்தார். விரிவுரையாளர் அம்மா பேனையை வாயில் வைத்துக்கொண்டார்.

"எனக்குப் படிக்க விருப்பமில்லை ரீச்சர்" என்றார் பேராசிரியர், குரலைக் கொஞ்சம் மெலிதாக்கி.

நான் தலையாட்டினேன்.

"வீட்டிலயும் சரியான கரைச்சல்."

நான் காத்திருந்தேன்.

"ஏன் ஒண்டும் சொல்லுறியள் இல்லை?"

"தம்பி சொல்லி முடியட்டும் எண்டு."

அவர் சற்றுத் தடுமாறினார். பிறகு சொல்லத் தொடங்கினார். வகுப்பில் மனம் நிற்கவில்லை, கூட்டாளிகள் எல்லோரும் வெளிநாடு போகிறார்கள், இங்கே இருந்து என்ன செய்வது. நன்றாகத்தான் நடித்தார். ஆனால் தன் வாயால் இவ்வளவு பிழையான கருத்து வருவதை அவரால் நெடுநேரம் பொறுக்க முடியவில்லை.

"ஆனா தம்பி, நீர் ஒண்டை விளங்கிக்கொள்ளவேணும்," என்று தனக்குத் தானே சொன்னார், பழைய குரலில். "படிப்பை விட்டால் எங்களுக்கு என்ன இருக்கு? நான் குப்பி விளக்கில படிச்சனான். செல்லடிக்குள்ள சைக்கிள் உழக்கிப் போய்ச் சோதினை எழுதினனான். மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிண்டுகொண்டு பாடமாக்கினனான்." அங்கிருந்து இடப்பெயர்வு, அங்கிருந்து முதல் வேலை, அங்கிருந்து வெளிநாட்டில் பட்டம், அந்த நாட்டின் பனி. மாணவன் எங்கோ காணாமல் போய்விட்டான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையாகவே கேட்டேன். அந்த மனிதரிடம் இதையெல்லாம் நீண்ட காலமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. ஒருவேளை அவர் யாரையும் கேட்க விட்டிருக்கவும் மாட்டார்.

"விளங்கிச்சுதோ?" என்று முடித்தார்.

"விளங்கீட்டுது சேர்."

"மிக நல்லம். நல்ல ஆலோசனை." சொல்லிவிட்டுத் தாளில் எனக்குப் புள்ளி போட்டார். விரிவுரையாளர் அம்மாவுக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்துத்தான் அடங்கியது.

பிறகு அந்த அம்மா என்னைக் கேட்டார். "ஒரு பிள்ளை உங்களிட்டைச் சொன்னதை அதிபர் கேட்டால் என்ன செய்வியள்?"

"பிள்ளையின்ரை உயிருக்கு ஆபத்து எண்டால் சொல்லுவன். இல்லாட்டில் சொல்லமாட்டன்."

"வற்புறுத்தினால்?"

"பரீட்சைப் பயம் எண்டு சொல்லுவன்."

"அது பொய்தானே?"

"ஓம்."

"திருப்பித் திருப்பிக் கேட்டால்?"

"திருப்பித் திருப்பி அதைத்தான் சொன்னனான்" என்றேன். 'சொல்லுவன்' என்று வந்திருக்க வேண்டும். வாய் தவறிவிட்டது.

"அரசாங்க உத்தியோகத்தர் ஒருத்தர் மேலதிகாரிக்குப் பொய் சொல்லலாமோ?" என்று அதிகாரி நிமிர்ந்து இருந்தார். விரிவுரையாளர் அம்மா அவருக்குப் பதில் சொல்லாமல், தன் தாளில் எதையோ எழுதினார். போகலாம் என்றார்கள். கீழே நுரைப்பஞ்சு யானைகளைக் கடந்து தெருவுக்கு வந்தபோது, இனி இந்தப் படிப்பு எனக்கு இல்லை என்றுதான் நினைத்தேன்.

கிட்டத்தட்டச் சரி. தெரிவானவர்களில் என் பெயர் இல்லை, காத்திருப்போரில் இருந்தது. அதிபர் ஆறுதல் சொன்னார், கடிதத்தில் தன்னைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம் என்று. ஒரு மாதம் போனது. பிறகு ஒரு மத்தியானம் தொலைபேசி வந்தது. தெரிவானவர்களில் இரண்டு பேருக்கு விசா கிடைத்துவிட்டதாம். இடம் காலியாம். வருகிறீர்களா என்று கேட்டார்கள். தணியாத தாகம் ஒருவழியாக லண்டனில் தணிந்திருக்கும். எனக்கு இடம் தந்த அந்த இரண்டு பேருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

காலைக் கூட்டத்தில் அதிபர் என்னை மேடைக்கு அழைத்து, தன் சிபாரிசினால் கிடைத்த பெருமை இது என்று மாணவர்களுக்கு அறிவித்தார். மாணவர்கள் கை தட்டினார்கள். உயிரியல் வகுப்பு வரிசையில் ஒருத்தி மட்டும் தட்டாமல், கட்டைவிரலை இடுப்பளவில் உயர்த்திக் காட்டினாள். கணவர் அன்று பின்னேரமும், "அப்ப கனடா எப்ப?" என்று கேட்டார். சனிக்கிழமைகளில் முட்டைப்பொரியல் என்பது பிள்ளைகளோடு ஒப்பந்தமாயிற்று.

முதல் வகுப்பு அந்த விரிவுரையாளர் அம்மாவுடையது. விளக்கேற்றவில்லை, உரை இல்லை. எங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, முழங்கால் முட்டாத தூரத்தில் எதிரெதிரே இருத்தினார். "ஒருத்தர் தன்னைப் பற்றிக் கதைக்கவேணும். மற்றவர் கேக்கவேணும். புத்தி சொல்லக்கூடாது, உதாரணம் சொல்லக்கூடாது, தன்ரை கதையைச் சொல்லக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை விசயமும் வேண்டாம். உங்கடை விசயம்."

எனக்கு எதிரே வந்தவர் உடுப்பிட்டிப் பக்கத்துப் பிரதி அதிபர் ஒருவர். அடர்ந்த மீசை, பொக்கற்றில் மூன்று நிறப் பேனைகள். முதலில் நான் கதைக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

என்ன கதைப்பதென்று தெரியவில்லை. ஒன்றும் இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, பாடசாலை விட்டதும் வருகிற பஸ்ஸை நான் ஏறாமல் விட்டுவிடுவதுண்டு என்று சொன்னேன். அதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்று எனக்கே இப்போதுதான் தெரிந்தது. அடுத்த பஸ் வரும்வரை தரிப்பிடத்தில் சும்மா இருப்பேன். அந்த நேரம் யாரும் என்னிடம் எதையும் சொல்லமாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். ஆலோசனை ரீச்சர் என்ற பெயர் வந்த பிறகு, என்னிடம் சுகமா என்று கேட்கிறவர்களே குறைந்துவிட்டார்கள். எனக்குச் சுகம்தான் என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். சொல்லச் சொல்லச் சேலைத் தலைப்பைத் தேடினேன்.

பிரதி அதிபர் கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது, அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது.

"ரீச்சர், நான் ஒண்டே ஒண்டு சொல்லட்டோ? காலமை எழும்பி யோகாசனம்..."

"இல்லை" என்றார் பின்னால் நின்ற விரிவுரையாளர் அம்மா.

அவர் வாயை மூடினார். மீசை கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்தது. கைகளைத் தொடைகளுக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்துகொண்டார். நான் மூக்கைத் துடைத்துவிட்டு, அந்தத் தரிப்பிடத்தைப் பற்றி மிச்சத்தையும் அவருக்குச் சொன்னேன்.